பத்துச் செக்கன் போதும்

ஸ்காபரோவில் நாம் வாழும் வீட்டின் நிலவறையில், மேசையொன்றின் மீது பழைய சேலைத் துணியால் மூடப்பட்ட கருவியொன்று மூன்று ஆண்டுகளாகக் கிடந்தது. 2019 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், பாவித்த பொருட்கள் விற்கும் ஒருவரிடமிருந்து அதனை வாங்கினோம். வாங்கிய அன்று அதனைத் துடைத்து, மின்னிணைப்புக் கொடுத்து, திரையில் ஒளி வருவதைக் கண்டு மகிழ்ந்தோம். அடுத்த நாள் துணியைப் போர்த்தினோம். அவ்வளவுதான். அதன் பின்னர் வந்த மூன்று குளிர்காலங்களிலும், “அடுத்த சனிக்கிழமை தொடங்குவோம்” என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

அக்கருவியின் பெயர் சாம்பிளர். அதனை மூடிவைத்திருந்த துணியை எவ்வாறு அகற்றினோம் என்பதனையும், அக்கருவியின் வரலாற்றிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடமொன்றையும் எமது வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இசையில் ஈடுபாடு இல்லாதவர்களும் இதனை வாசிக்கலாம். தொடங்கப்படாத கவிதையோ, பாதியில் நின்ற தையல் வேலையோ, எழுத எண்ணி எழுதாத குடும்ப வரலாறோ இல்லாத வீடு எம்மவரிடையே அரிது.

சாம்பிளர் என்றால் என்ன?

மிருதங்கத்தில் தோலும், வீணையில் தந்தியும், புல்லாங்குழலில் காற்றும் ஒலியைப் பிறப்பிக்கின்றன. சாம்பிளருக்கோ சொந்தமாக ஒரு குரல் இல்லை. அது கேட்பதையே பேசும். ஒலிவாங்கி மூலமாகவோ, இசைத்தட்டிலிருந்தோ, ஒலிநாடாவிலிருந்தோ ஒரு சிறு ஒலித்துண்டினை அதன் நினைவகத்தில் பதிந்துகொள்ளலாம். பதிந்த துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் வேண்டியவாறு வெட்டலாம். மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், பின்னிருந்து முன்னாக ஒலிக்கச் செய்யலாம். பின்னர் அதனை இறப்பர்ப் பொத்தானொன்றில் இருத்தி விரலால் தட்டினால், தட்டுந்தோறும் அவ்வொலி எழும். கதவு சாத்தும் ஓசை முரசாகும். கரண்டி கிண்ணத்தில் படும் ஓசை தாளமாகும்.

இவ்வெண்ணம் கருவிக்கு முந்தியது. பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர் என்னும் பொறியியலாளர், பற்றினோல் புகையிரத நிலையத்தில் இயந்திரங்களின் ஓசைகளைப் பதிவுசெய்து, அவற்றை இசைத்தட்டுகளின் துணையுடன் கோத்து இசையாக்கினார். 1948 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5 ஆம் நாள் அவ்வாக்கங்கள் வானொலியில் ஒலிபரப்பாகின. புகையிரதத்தின் ஓசை இசையாகுமா என்று கேட்டவர்களுக்கு, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் செவி அதனை இசையாகவே கேட்கத் தொடங்குகின்றது என்பதனை அவர் செய்து காட்டினார்.

புலம்பெயர்ந்தவர் வீட்டில் பிறந்த இசை

இதன் இன்னொரு கிளை எம்மைப் போன்ற குடியேறிகளுடன் தொடர்புடையது. யமெய்க்காவின் கிங்ஸ்ரனில் பிறந்து, 1967 இல் நியூயோர்க்கின் புரோங்க்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தவர் கிளைவ் கம்பெல். பின்னாளில் இவர் கூல் ஹேர்க் என்று அறியப்பட்டார். 1973 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் நாள், செட்ஜ்விக் அவெனியூவிலுள்ள 1520 ஆம் இலக்க அடுக்குமாடியில் அவருடைய தங்கை ஒரு விருந்தினை ஏற்பாடு செய்தார். பாடசாலை தொடங்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதே தங்கையின் நோக்கம். அத்தகைய விருந்துகளில், பாடல்களின் இடையே மேளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில செக்கன்களுக்கு இளைஞர்கள் மிகுந்த உற்சாகத்துடன் ஆடுவதை ஹேர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரு சுழற்றிகளில் வைத்து, ஒன்று முடியும்போது மற்றதனைத் தொடங்கி, அச்சில செக்கன்களை நிமிடங்களாக நீட்டினார். ஹிப்-ஹொப் இசையின் பிறப்பு இதிலிருந்தே கணிக்கப்படுகின்றது.

கையால் செய்த அவ்வேலையைக் கருவி செய்வதற்குச் சில ஆண்டுகள் சென்றன. 1979 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான ஃபெயார்லைற் என்னும் இசைக்கணனி ஒலிகளைப் பதிந்து இசைக்க வல்லதாயிருந்தது. ஆனால் அதன் விலை சாதாரண கலைஞர்கள் எட்ட முடியாதது. 1987 இல் அமெரிக்காவின் ஈ-மியூ நிறுவனம் எஸ்.பி-1200 என்னும் கருவியை வெளியிட்டது. 1988 இல், றொஜர் லின் என்னும் வடிவமைப்பாளரைக் கொண்டு யப்பானின் அக்காய் நிறுவனம் எம்.பி.சி-60 இனை வெளியிட்டது. நான்கு வரிசையில் நான்கு நான்காக 16 இறப்பர்ப் பொத்தான்கள் கொண்ட அதன் அமைப்பு இன்றுவரை நிலைத்துள்ளது. இக்கருவிகளுடன் சாம்பிளர் படுக்கையறைகளுக்கும் நிலவறைகளுக்கும் வந்து சேர்ந்தது.

குறையே வழியாயிற்று

எஸ்.பி-1200 இன் நினைவகம் முழுவதும் சேர்ந்து கொள்ளக்கூடியது ஏறத்தாழ 10 செக்கன் ஒலி மட்டுமே. எம்.பி.சி-60 இல் அது ஏறத்தாழ 13 செக்கன். ஒரு முழுப் பாடலுக்கான ஒலிகள் யாவும் இவ்வளவு நேரத்துள் அடங்க வேண்டும்.

நியூயோர்க் இளைஞர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். நிமிடத்திற்கு 33 சுற்றுச் சுழல வேண்டிய இசைத்தட்டினை 45 சுற்றில் சுழற்றி வேகமாகப் பதிந்தனர். பின்னர் கருவியினுள் அதனை மெதுவாக்கி இயல்பான வேகத்துக்குக் கொண்டுவந்தனர். இதனால் 10 செக்கன் இடத்தில் 13 செக்கனுக்கும் சற்று அதிகமான ஒலி அடங்கியது. ஆனால் இவ்வாறு மெதுவாக்கியபோது ஒலியின் கூர்மை மழுங்கி, ஒருவித மணற்கரகரப்பு ஏறியது. இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த உபாயத்தின் பக்கவிளைவாகிய அக்கரகரப்பே ஒரு தலைமுறை இசையின் அடையாளமாயிற்று. இன்று அதனைப் போலி செய்வதற்கென்றே மென்பொருட்கள் விற்கப்படுகின்றன.

கலிபோர்னியாவைச் சேர்ந்த டி.ஜே. ஷாடோ என்னும் ஜொஷ் டேவிஸ், பழைய இசைத்தட்டுக் கடையின் நிலவறையில் தூசிபடிந்து கிடந்த தட்டுகளைத் தேடி எடுத்து, எம்.பி.சி-60 ஒன்றினைத் தமது முதன்மைக் கருவியாகக் கொண்டு 1996 இல் ஒரு முழு இசைத்தொகுப்பினை வெளியிட்டார். டெட்ரோயிற்றின் ஜே டில்லாவோ எம்.பி.சி-3000 இல் வாசித்தார். விரல் சற்றுப் பிந்தினாலும் முந்தினாலும் அதனைச் சரிசெய்து தாளத்தில் நிறுத்தும் வசதி அக்கருவியில் உண்டு. டில்லா பல வேளைகளில் அவ்வசதியைத் தவிர்த்தும், அடிகளைச் சிறிது முன்பின்னாக நகர்த்தியும் வைத்தார். இதனால் அவருடைய தாளம் மனிதர் நடப்பதுபோல் இருந்தது. 2006 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆம் நாள், தமது 32 ஆவது பிறந்தநாள் கழிந்து மூன்றாம் நாள், நோயினால் அவர் காலமானார். அவருடைய எம்.பி.சி இன்று வாஷிங்டனிலுள்ள ஆபிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றது.

தேக்கம் எங்கிருந்து வருகின்றது?

இங்கு ஒரு வினா எழுகின்றது. 10 செக்கனை வைத்துக்கொண்டு அவர்கள் இவ்வளவு செய்தார்கள். இன்றைய மடிக்கணனியிலோ பல்லாயிரம் ஒலிகள் ஆயத்தமாக உள்ளன. அவ்வாறிருக்க, எம்மால் ஏன் ஒரு நிமிட இசையைக்கூடத் தொடங்க முடியவில்லை?

சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால் சோம்பேறி மாலை முழுவதும் அமர்ந்து முந்நூறு மேள ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நாம் அவ்வாறு பல மாலைகளைக் கழித்தோம். தெரிவுகள் பெருகும்போது தீர்மானம் பின்தள்ளப்படுகின்றது. இதைவிடச் சிறந்தது அடுத்ததாக இருக்கலாம் என்னும் எண்ணமே கையைக் கட்டிப்போடுகின்றது. 1975 இல் இசைக்கலைஞர் பிறையன் ஈனோவும் ஓவியர் பீற்றர் ஷ்மிட்டும் ஒரு சீட்டுக்கட்டினை வெளியிட்டனர். வேலை தடைப்படும்போது ஒரு சீட்டினை உருவி, அதில் எழுதியுள்ள அறிவுறுத்தலுக்கேற்ப நடக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு கட்டளை வந்து தெரிவினைக் குறுக்கினால் மனம் நகரத் தொடங்கும் என்பதே அதன் உட்பொருள்.

எமது தேக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதனை ஒப்புக்கொள்ள எமக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அது அச்சம். அக்கருவியை நாம் வாங்கியதே ஓர் ஒலிநாடாவிற்காக.

அம்மாவின் கசெற்

1993 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து எமது அம்மா ஒரு கசெற்றில் பேசி அனுப்பியிருந்தார். அக்காலத்தில் எழுத்தறியாத பெற்றோர் மட்டுமன்றி, எழுதினால் அழுகை வந்துவிடும் என்று அஞ்சிய பெற்றோரும் இவ்வாறு பேசி அனுப்பியதை எமது வாசகர்கள் அறிவர். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றறிகளுக்குத் தடை. சைக்கிளை நிறுத்தி வைத்து, அதன் டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. அம்மாவின் கசெற்றும் அவ்வாறே பதியப்பட்டது. அயல் வீட்டுச் சிறுவன் ஒருவன் மிதிக்க, அம்மா 27 நிமிடம் பேசினார். கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டிக் கொழும்புக்கு வந்த ஒருவரின் கையில் அது வந்து, பின்னர் எம்மை அடைந்தது.

சிறுவன் களைத்த இடங்களில் பதிவுக்கருவியின் மோட்டார் மெதுவாகியிருக்கின்றது. மெதுவாகப் பதிந்ததை இங்கு சரியான வேகத்தில் ஒலிக்கவிடும்போது, அவ்விடங்களில் அம்மாவின் குரல் திடீரென மெலிந்து, உயர்ந்து, ஒரு சிறுமியின் குரலாகின்றது. சிறுவன் மீண்டும் உன்னி மிதிக்கும்போது அம்மா மீண்டும் அம்மாவாகின்றார்.

அம்மா 2008 இல் காலமானார். அந்த நாடாவிலிருந்து ஓர் இசை செய்ய வேண்டும் என்பது எமது நெடுநாள் எண்ணம். ஆனால் பிழையாகச் செய்துவிட்டால்? அம்மாவின் குரலை விளையாட்டுப் பொருளாக்கிவிட்டால்? சேலைத் துணி மூன்று ஆண்டுகள் அகலாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

2022 ஆம் ஆண்டு மார்கழியில் எமது தமக்கையாரிடம் இதனைச் சொன்னோம். அவர் நீண்ட நேரம் பேசாதிருந்து, “செய் தம்பி. ஆனா அம்மாவின்ர கதையை மட்டும் வெட்டாதை” என்றார்.

அவருடைய அந்தச் சொல் எமக்கு உருவிய சீட்டாயிற்று. அம்மாவின் சொற்களைத் தொடுவதில்லை. சொற்களுக்கு இடையில் இருப்பவற்றை மட்டும் எடுப்பது.

பதினொரு செக்கன்

முதலில் நாடா முழுவதையும் கணனிக்கு மாற்றிச் சேமித்தோம். பழைய நாடா அறுந்துவிடக்கூடும். மீண்டும் மீண்டும் ஓடவிடுவது ஆபத்து. பின்னர் கண்ணை மூடிக்கொண்டு, சொல்லை விட்டுவிட்டு, பின்னணியை மட்டும் கேட்டோம். முப்பது ஆண்டுகளாகக் கேட்ட நாடாவில், அதுவரை நாம் கேட்டிராத பல இருந்தன.

டைனமோவின் ரீங்காரம் இருந்தது. கிணற்றில் யாரோ தண்ணீர் அள்ளக் கப்பி கிரீச்சிடும் ஓசை இருந்தது. ஒரு காகம் இருந்தது. பேசத் தொடங்குமுன் அம்மா இழுத்த ஒரு மூச்சு இருந்தது. முடிவில் பொத்தானை அழுத்தும் ‘டக்’ என்ற ஓசை இருந்தது. இவை ஐந்தும் சேர்ந்து 11 செக்கன்.

எமது கருவி 1997 இல் வெளிவந்த எம்.பி.சி-2000 வகையைச் சேர்ந்தது. அதன் அடிப்படை நினைவகத்தில் இருபது செக்கனுக்குச் சற்று மேற்பட்ட ஒலியே அடங்கும். சேமிக்கும் பிளொப்பித் தட்டு ஒன்றில் ஏறத்தாழ 16 செக்கன். எமது 11 செக்கனுக்கு அது போதுமானதாயிருந்தது.

கப்பியின் ஓசையைக் கீழே இறக்கியபோது அது நாகசுரத்தின் ஒத்துப்போல நீண்டு ஒலித்தது. பொத்தானின் ‘டக்’ தாளமாயிற்று. டைனமோவின் ரீங்காரம் சுருதியாயிற்று. தாளத் திருத்தத்தை நாம் பயன்படுத்தவில்லை. சிறுவனின் மிதிப்பு ஒழுங்கற்றதாகவே இருக்கட்டும் என விட்டோம். நான்கு மணி நேரம் அமர்ந்து வேலை செய்தோம்.

பின்னர், சேமிக்க மறந்து கருவியை அணைத்துவிட்டோம்.

இவ்வகைக் கருவியில் மின்சாரம் நின்றால் நினைவகம் வெறுமையாகும். நான்கு மணி நேர உழைப்பு ஒரு கணத்தில் மறைந்தது. சிறிது நேரம் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னர் ஓர் உண்மை உறைத்தது: நாடா அப்படியே இருக்கின்றது. அம்மாவின் குரலுக்கு எதுவும் நேரவில்லை. நாம் மூன்று ஆண்டுகள் அஞ்சியது நடந்துவிட்டது. ஆனால் எதுவும் கெடவில்லை. மீண்டும் கருவியைத் தொடக்கி, இருபது நிமிடத்தில் அதே இசையைத் திரும்பச் செய்தோம். முதலாவதைவிட அது நன்றாக இருந்தது. தேவையற்றவை யாவும் மறந்துபோயிருந்தமையே அதற்குக் காரணம்.

ஒலி யாருக்குச் சொந்தம்?

தமக்கையாரின் கட்டளை பிறிதொன்றையும் எமக்கு உணர்த்தியது. 1969 இல் தி வின்ஸ்ரன்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவின் பாடலொன்றில், கிரெகரி கோல்மன் என்னும் மேளக்கலைஞர் ஆறேழு செக்கன் தனித்து வாசித்தார். சாம்பிளர் வந்தபின் அத்துண்டு ஆயிரக்கணக்கான பாடல்களில் எடுத்தாளப்பட்டது. கோல்மனுக்கு அதிலிருந்து உரிமைப்பணம் எதுவும் கிடைக்கவில்லை. 2006 இல் வறுமையில் இறந்தார். 1991 இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிரான வழக்கில், அனுமதியின்றிப் பிறர் பாடலின் பகுதியை எடுத்தாள்வது தவறென நியூயோர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் அனுமதி பெறுவதும் பணம் செலுத்துவதும் வழக்கமாயின. எமது இளைஞர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. வீட்டில் தாமே பதிந்த ஒலிக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் அங்கும் கேட்க வேண்டியவர்களைக் கேட்டுக்கொள்வது முறை.

சிறு கருவியுடன் தொடங்கிய தமிழ்ப்பெண் ஒருவரும் இங்கு குறிப்பிடத்தக்கவர். சிறுவயதில் இலங்கையிலிருந்து இலண்டனுக்கு அகதியாக வந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் உலகறிந்தவர். ஓவியம் பயின்ற அவர், கைக்குக் கிடைத்த எம்.சி-505 என்னும் தாளப்பெட்டியில் தமது முதற் பாடல்களை அமைத்தார். அது சாம்பிளர் அன்று. எனினும் பாடம் ஒன்றே. 2005 இல் வெளிவந்த அவருடைய முதற் தொகுப்பு தந்தையாருடன் தொடர்புடைய பெயரையும், 2007 இல் வெளிவந்த இரண்டாவது தொகுப்பு தாயாரின் பெயரையும் தாங்கின.

வாசகர்களுக்கு

எமது அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கூறி முடிக்கின்றோம். புதிய கருவி வாங்குவதைத் தள்ளிவையுங்கள், இருப்பதுடன் தொடங்குங்கள். ஒலிகளைத் தேடும் நாளும் இசை அமைக்கும் நாளும் வேறாக இருக்கட்டும். எடுக்கும் ஒலிக்கு ஓர் எல்லை வையுங்கள். 10 செக்கன் போதும். ஒரு மணி நேரம் என்று குறித்து அமருங்கள். முடிந்ததை, எவ்வாறு இருப்பினும், ஒருவருக்குக் கேட்கக் கொடுங்கள். வேலையை முடித்ததும் மறவாமல் சேமியுங்கள்.

இன்னொன்று. எம்மவர் வீடுகளில், பெட்டிகளின் அடியில், இத்தகைய கசெற்றுகள் இன்னமும் கிடக்கின்றன. காந்தநாடா பல பத்தாண்டுகளில் தளர்ந்து போகும். இசை செய்யாவிடினும், அவற்றை எடுத்து ஒருமுறை கணனிக்கு மாற்றி வையுங்கள். இம்மாதமே செய்யுங்கள்.

அம்மாவின் ஆண்டுத் திதியன்று, உணவின் பின்னர், தமக்கையார் வீட்டில் அந்த இசையை ஒலிக்கவிட்டோம். இரண்டு நிமிடமும் நாற்பது செக்கனும் அது நீடித்தது. தமக்கையாரின் பிள்ளைகள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தனர். முதல் நிமிடம் முடியுமுன், சமையலறையிலிருந்து தமக்கையார் ஈரக்கையுடன் வெளியே வந்தார்.

“இது எங்கட கிணத்துக் கப்பியெல்லே” என்றார்.

பிள்ளைகளில் மூத்தவள் கப்பி என்றால் என்னவென்று கேட்டாள். தமக்கையார் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, கிணற்றடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.